ஆறாவது டிராக்: பேரண்டத்தின் கருணை

இந்தப் பிரபஞ்சத்தில் மனிதன் தனியாக இல்லை. விஞ்ஞானிகள் இதைத் தொலைநோக்கி வைத்துத் தேடிக்கொண்டிருந்த காலத்திலேயே, வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் ஆகியவற்றின் துணையோடு ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தவர் விண்ணிசை வேந்தர் விருத்தகிரி. நிரூபணம் நடந்தது 'ககன வேதம்' என்னும் திரைப்படத்தில். படம் வெளியான இரண்டாவது வாரம் வடபழனிப் பக்கத்துத் திரையரங்கு ஒன்றில் மனிதன் தனியாகத்தான் இருந்தான். அவனும் ஏசிக்காக உள்ளே வந்தவன்.

கதையைக் குறை சொல்வதற்கில்லை. கருந்துளையில் விழப்போகும் ஒரு விண்கலத்தை அண்டவெளியில் மிதக்கும் மாபெரும் உயிர் ஒன்று பார்க்கிறது. எச்சரிக்க அதற்கு வாயில்லை. பரிவோடு பார்த்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பார்வையின் பலத்திலேயே கலம் பிழைக்கிறது. கிராஃபிக்ஸ் செய்தவர்கள் அந்த மாபெரும் உயிரைப் பலாப்பழம் மாதிரி செய்துவிட்டார்கள். பலாப்பழம் கண்ணீர் விட்ட காட்சியில் எழுந்த சிரிப்பைக் கேட்டுத் தயாரிப்பாளர் இடைவேளையோடு வீட்டுக்குப் போனார். பிறகு அவர் சினிமாப் பக்கம் வரவில்லை.

பிழைத்தது இசை ஆல்பம் மட்டும்தான். பாட்டில்லை, வரிகளில்லை, முழுக்க ஆர்கெஸ்ட்ரா. ஏழு டிராக்குகள். முதலாவதான 'பெருவெடிப்பு' இன்றைக்கும் கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளை உள்ளே வரும்போது ஒலிக்கிறது. மூன்றாவதான 'கலம் புறப்பாடு' இல்லாமல் எந்தக் கட்சித் தலைவரும் மேடையேறுவதில்லை. நான்கும் ஐந்தும் யோகா வகுப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆறாவதான 'பேரண்டத்தின் கருணை'யை மட்டும் யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளவில்லை. அதைப் போட்டால் கேட்கிறவர்கள் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று புகார்.

ஆல்பத்தின் அட்டையில் விருத்தகிரி கறுப்பு சூட் அணிந்து, இரு கைகளையும் விரித்து, முகத்தை வானை நோக்கி உயர்த்தியிருப்பார். இடுப்புக்கு மேலே மட்டும். ஒலிப்பதிவு நடக்கும்போதே முழு உருவமாக எடுத்த படம் அது. அச்சில் வந்தது பாதிதான். இது அவருக்கு இருபது வருடத்து மனக்குறை.

"அண்டத்தையே தாங்கி நிற்பவனுக்குக் கால்கள் வேண்டாமா?" என்று பேட்டிகளில் கேட்பார்.

முழுப் படம் வேண்டுமென்று போட்டோகிராபரிடம் பலமுறை ஆளனுப்பினார். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று ஒருமுறையும், வெள்ளத்தில் போய்விட்டது என்று இன்னொருமுறையும் பதில் வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஊருக்குள் அகத்தடம் வந்தது.

அதைப் பற்றி விருத்தகிரிக்கு விளக்கியவள் நிலோபர். இசை நிறுவனத்தின் ஒலிப் பொறியாளர், முப்பது வயதுக்காரி, ஆறாவது டிராக்கைக் கேட்டுத்தான் இந்தத் தொழிலுக்கே வந்ததாகச் சொல்லிக்கொள்பவள். அதைச் சொன்ன முதல் நாளே விருத்தகிரி அவளைத் தன் மாணவி என்று அறிவித்துவிட்டார். அவள் மறுக்கவில்லை.

"வயலின் வில்லை இழுக்கும்போது கை லேசா நடுங்கும்ல சார், மூச்சு ஏறி இறங்கும், சிலர் பல்லைக் கடிப்பாங்க. அதெல்லாம் சத்தத்துல ஒட்டிக்கும். நம்ம காதுக்குக் கேக்காது. இந்த மிஷின் அதைத் தனியாப் பிரிச்சு எடுத்திடும். கேக்கறவங்க நெத்தியில பட்டை ஒண்ணு கட்டிக்கிட்டா, வாசிச்சவங்க மனசு அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, அப்படியே இவங்க மனசும் ஆயிடும்."

"அவர்களுடைய எண்ணங்கள் தெரியுமா?"

"எண்ணம் தெரியாது சார். உணர்ச்சி மட்டும். கோவம் வரும். யார் மேல, எதுக்குன்னு வராது."

"அது ஞானிகளின் நிலை அல்லவா?" என்றார் விருத்தகிரி.

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் சார் கோவப்படுவாரு," என்றாள் நிலோபர்.

அகத்தடம் வந்த முதல் வருடம் நாடு பட்டபாட்டைச் சொல்ல வேண்டும். பக்திப் பாடல்களை ஓடவிட்டவர்களுக்குத் தாங்க முடியாத அலுப்பு உண்டானது. புகழ்பெற்ற காதல் டூயட் ஒன்றைக் கேட்ட தம்பதிகளுக்குள் காரணமே தெரியாமல் சண்டை மூண்டது. பாடியவர்கள் இருவரும் அந்த வாரம் பேச்சுவார்த்தையில் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. மறைந்த தலைவர் ஒருவரின் எழுச்சியுரையைக் கேட்ட தொண்டர்கள் ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் நெஞ்செரிச்சல். அம்மா போனில் பதிந்துவைத்த தாலாட்டைப் பல வருடம் கழித்துக் கேட்ட ஒருவர், 'சீக்கிரம் தூங்கித் தொலையேன்' என்ற உணர்ச்சி தன்மேல் வந்து விழுந்ததில் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அரசாங்கம் விழித்துக்கொண்டு சட்டம் போட்டது. வாசித்தவர், பாடியவர் ஒவ்வொருவரும் சம்மதித்தால்தான் அவர்களுடைய தடத்தை வெளியிடலாம். ஒருவர் மாட்டேன் என்றாலும் அந்த டிராக் கிடையாது.

"எனக்கு அந்தக் கவலை இல்லை," என்றார் விருத்தகிரி. "என் கலைஞர்கள் அன்று பிரபஞ்ச தியானத்தில் இருந்தார்கள்."

எந்தப் படத்துக்கு வாசிக்கிறார்கள் என்பதையே அவர் அன்று அவர்களிடம் சொல்லவில்லை. கதை வெளியே போய்விடும் என்று பயம். நோட்ஸ் தாளில் எண் மட்டும் இருக்கும். முதல் வரிசை வயலின்காரர்கள் அம்மன் படம் என்று நினைத்து வாசித்தார்கள். செல்லோக்காரர்கள் ஏதோ துணிக்கடை விளம்பரம், இவ்வளவு நீளமாகப் போகிறதே என்று வியந்தார்கள். தவிர, அவருடைய ரெக்கார்டிங்கில் சட்டதிட்டங்கள் கடுமை. டேக் போய்க்கொண்டிருக்கும்போது யாரும் இருமக் கூடாது. வாசிக்கிறவர்கள் அவரிடம் நேராகப் பேசவே கூடாது; எதுவானாலும் ஆர்கெஸ்ட்ரா இன்சார்ஜ் தாமோதரன் மூலமாகத்தான். ஒருமுறை புல்லாங்குழல்காரர் ஒருவர், "சார், உங்க தோள்ல பல்லி," என்று நேராகச் சொல்லிவிட்டார். அவருக்கு அதன்பிறகு அழைப்பு வரவில்லை. பல்லிக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை.

நடத்துவதும் அவர்தான். உண்மையில் அதற்குத் தேவையே கிடையாது. எல்லோர் காதிலும் ஹெட்போன். அதில் தாளத்துக்கு 'டிக் டிக்' என்று கிளிக் ஓடும். கண் நோட்ஸில் இருக்கும். சினிமா ஆர்கெஸ்ட்ராவில் எதிரே நிற்பவர் கையை வீசினாலும் ஒன்றுதான், கொசு அடித்தாலும் ஒன்றுதான். அவர் அதற்காகவே உயரமான மேடை செய்யச் சொல்லி, அதன் மேல் ஏறி நின்று வீசினார்.

புதிய பதிப்புக்கு இசை நிறுவனத் தலைவர் மகிபாலன் ஒப்புக்கொண்டார். அவருக்கு ஒரு நிபந்தனை இருந்தது.

"சாம்பிளுக்குப் பத்துப் பேரைக் கூப்பிட்டு உக்கார வைக்கிறோம் மாஸ்டர். வெளியாளுங்க. அவங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா வெளியிடறோம். ஒண்ணும் ஆகலேன்னா, மன்னிச்சிடுங்க, ககன வேதத்தை இதோட மறந்துடுவோம். இதுக்கு மேல என்னாலயும் அலுவலகத்துல சண்டை போட முடியாது."

விருத்தகிரிக்கு அப்போது எழுபதை நெருங்கும் வயது. மனைவி காலமாகிவிட்டார். பிள்ளை இல்லை. பலாப்பழத்துக்குப் பிறகு பெரிய படம் எதுவும் வரவில்லை. இதுவும் போய்விட்டால், அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை அழைப்பில் ஒலிக்கும் அந்த ஒன்றரை நிமிடம்தான் மிஞ்சும். அதுவும் யார் இசை என்று எந்த மாப்பிள்ளைக்கும் தெரியாது.

பத்துப் பேர் வந்தார்கள். பட்டை கட்டிக்கொண்டு அமர்ந்தார்கள். விருத்தகிரியும் கட்டிக்கொண்டார்.

'பெருவெடிப்பு' தொடங்கியது. சிறிது நேரத்தில் பத்துப் பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் கைப்பையைத் திறந்து பிஸ்கட் எடுத்துத் தின்றார். பக்கத்திலிருந்தவர் முன்பின் தெரியாதவர், கையை நீட்டினார்; அம்மாள் அவருக்கும் ஒன்று கொடுத்தார்.

"பசிக்குதுங்க," என்றார் ஒருவர், கூச்சத்தோடு. "சாதாரணப் பசி இல்ல. பிரியாணிப் பசி."

நிலோபருக்குப் புரிந்துவிட்டது. கால்ஷீட் ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. முக்கியமான டிராக்குகளை விருத்தகிரி கடைசியாகத்தான் எடுப்பார். அந்த நேரத்துக்கு மெஸ்ஸிலிருந்து அண்டா வந்து இறங்கியிருக்கும்.

"பிரபஞ்சப் பசி," என்றார் விருத்தகிரி. "படைப்பின் ஆதிப் பசி." சொல்லும்போதே அவர் கண்ணும் கடிகாரத்துக்குப் போனது.

இரண்டாவது டிராக்கில் முழங்கால் வலி. கடைசி வரிசையில் ஒரே ஒரு டபுள் பாஸ் மட்டும் யாரையோ காதலித்துக்கொண்டிருந்தது. மூன்றாவதில், 'கலம் புறப்பாடு' உச்சத்துக்குப் போனபோது, பத்துப் பேரும் மெல்லத் தலையைத் திருப்பி விருத்தகிரியை முறைத்தார்கள். அவர் அந்த டிராக்கைப் பதினெட்டு டேக் எடுத்தவர். நான்கிலும் ஐந்திலும் நல்ல தூக்கம். யோகா வகுப்புகள் அவற்றைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை.

மகிபாலன் மேசை மேல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். விருத்தகிரி யாரையும் பார்க்கவில்லை.

ஆறாவது டிராக் தொடங்கியது.

வியோலாக்கள் மட்டும் மெதுவாக எழும் இடம் அது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அறையில் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. பிஸ்கட் அம்மாள் பையைக் கீழே வைத்தார். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு வாட்டசாட்டமான ஆள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். டிராக் முடிந்த பிறகும் யாரும் பட்டையைக் கழற்றவில்லை.

அந்த வாட்டசாட்டமான ஆளின் பெயர் தீனதயாளன். கடன் வசூல் செய்கிற தொழில். வீடு வீடாகப் போய் அதட்டுவது வேலை.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல சார்," என்றார் அவர். "ரொம்பப் பெருசா ஏதோ ஒண்ணு என்னையவே பாக்குது. எங்கிட்ட இருக்கிற குறை அதுக்குத் தெரியுது. எனக்குத் தெரியல. சொல்லணும்னு துடிக்குது, சொல்ல முடியல. ஐயோ பாவம், இவனை வேற யாரும் பாத்துடக் கூடாதேன்னு கையை நீட்டி மறைக்கப் பாக்குது. என்னை யாருமே இப்படிப் பாத்ததில்ல சார். எங்க வீட்லயே."

"எனக்கும் அதேதான்," என்றார் பிஸ்கட் அம்மாள். "அடியில ஒரு சந்தோஷம் வேற இருக்கு. அடக்கி வெச்ச சந்தோஷம். அது ஏன்னுதான் தெரியல."

"ஆனந்தம்," என்றார் விருத்தகிரி. குரல் உடைந்திருந்தது. "அது பேரானந்தம் அம்மா." நிலோபர் அவரை அப்படிப் பார்த்ததில்லை. விருதுகள் வாங்கும்போது அழுவார், அது வேறு.

மகிபாலன் எழுந்து வந்து கை குலுக்கினார். "போதும் மாஸ்டர். இது ஒண்ணு போதும்."

அந்த ஒன்றுதான் கிடைக்கவில்லை.

நிலோபர் வாசித்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டாள். பசிக்குச் சம்மதித்தார்கள். முழங்கால் வலிக்குச் சம்மதித்தார்கள். கோபத்துக்கு மிக்க மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள். டபுள் பாஸ்காரர் மட்டும் இரண்டாவது டிராக்குக்கு ஒரு நாள் அவகாசம் கேட்டு, வீட்டில் பேசிவிட்டுச் சம்மதித்தார். ஆறாவது என்றதும் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்.

"அது வேணாம்மா."

"ஏன் சார்?"

"வேணாம். பியூலா மேடத்தைக் கேட்டுக்குங்க."

சிலர் சொல்லும்போதே போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் இருமுவதுபோல் இருமிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மகிபாலனுக்குப் பொறுமை தீர்ந்தது. "ஆறு இல்லாட்டி மீதி என்னம்மா இருக்கு? பசி, முட்டிவலி, தூக்கம். அதை வெளியிட நான் என்ன ஆஸ்பத்திரியா நடத்தறேன்? வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்புறம் விட்டுடு."

விருத்தகிரியிடம் சொல்ல வேண்டியது நிலோபரின் தலையில் விழுந்தது. அவர் வீட்டுக் கூடத்தில் தன் படங்களுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். வழக்கமான செந்தமிழ் காணாமல் போயிருந்தது.

"ஒருத்தர்கூடவா சம்மதிக்கல?"

"இல்ல சார்."

"திட்டினதுக்கு எல்லாரும் சம்மதிச்சாங்க."

"ஆமா சார்."

"அப்போ ஆறாவது எனக்கு இல்லம்மா. வேற யாரையோ நெனச்சு வாசிச்சிருக்காங்க. அதை எனக்குக் குடுக்க மனசில்ல. அதானே?" சுவரிலிருந்த தன் படங்களைப் பார்த்தார். "நான் எழுதறதெல்லாம் வெறும் சுரம். அதுல அந்த உசிரு இல்ல. அது அவங்க போட்டது. அது எனக்குத் தெரியும். நாற்பது வருஷமா தெரியும். வெளிய சொன்னதில்ல."

நிலோபர் அன்றைக்குத்தான் தன்னை அவருடைய மாணவி என்று உணர்ந்தாள்.

பியூலா ஜெபமணி பெரம்பூரில் ரயில்வே லைனை ஒட்டிய அடுக்குமாடி வீட்டில் இருந்தார். வியோலாவின் முதல் நாற்காலி அவருடையது. மேடைக்கு நேர் எதிரே உட்கார்ந்தவர். ஞாயிறு காலை ஆராதனை முடிந்து வந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தவர், நிலோபரோடு வந்து நின்ற விருத்தகிரியைப் பார்த்ததும் கையிலிருந்த கத்தியோடு விறைத்து நின்றுவிட்டார். விருத்தகிரி யார் வீட்டுக்கும் போவதில்லை என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

"உள்ள வாங்க சார்," என்றார். பிறகு பழக்கதோஷத்தில் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"என்ன தேடறீங்க?"

"தாமோதரன் அண்ணன் இல்லியே, நேராப் பேசலாமான்னு பாத்தேன்."

விருத்தகிரிக்கு முகம் சுருங்கியது. "பேசுங்கம்மா. இனிமே எல்லாரும் நேராவே பேசலாம்."

"இருபது வருஷம் லேட் சார்," என்றார் பியூலா. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவரப் போனார்.

ரயில் ஒன்று கடந்துபோகும் வரை மூவரும் காத்திருந்தார்கள். பிறகு விருத்தகிரி கேட்டார்.

"நான் சம்மதம் கேட்டு வரல. ஒண்ணு மட்டும் தெரிஞ்சிட்டுப் போயிடறேன். மூணாவது டிராக்குல என்னைத்தான் திட்டினீங்க. அது தெரியுது. நியாயம்தான். ஆறாவதுல யாரைம்மா நெனச்சீங்க? சாமியா? உங்க வீட்ல யாரையாச்சுமா? யாராயிருந்தாலும் அவங்க குடுத்து வெச்சவங்க."

பியூலா நிலோபரைப் பார்த்தார். பீன்ஸைப் பார்த்தார்.

"உங்களைத்தான் சார்."

விருத்தகிரி புரியாமல் பார்த்தார்.

"பைபிள் மேல சத்தியமா உங்களைத்தான். நான் மட்டும் இல்ல, எல்லாரும். நாங்க எப்பவும் நோட்ஸைத்தான் சார் பாப்போம். கண்டக்டரை யாரு பாக்கறா? அன்னிக்கு அந்த ஒரு டிராக்குக்கு மொத்த ஆர்கெஸ்ட்ராவும் நோட்ஸைப் பாக்கல. உங்களையே பாத்துட்டு வாசிச்சோம். முதல்ல நான் பாத்தேன். பக்கத்துல ஹென்றிக்கு ஜாடை காட்டினேன். அவன் பின்னாடி காட்டினான். அப்படியே டபுள் பாஸ் வரைக்கும் போச்சு. நீங்க கண்ணை மூடிட்டு, கையை விரிச்சிட்டு, புது சூட்டுல, அந்த உசரத்துல... எங்களுக்கு மனசு என்னவோ ஆயிடுச்சு சார். இந்த மனுசனை எவ்வளவு திட்டியிருக்கோம், பாவம், எவ்வளவு நம்பிக்கையா நிக்கறாருன்னு. அழுகையும் வருது, சிரிப்பும் வருது, வில்லு அது பாட்டுக்குப் போகுது. யாராச்சும் சொல்லணும். யாரு சொல்றது? டேக் போயிட்டிருக்கு. தாமோதரன் அண்ணன் பல்லு புடுங்கப் போயிட்டாரு."

"என்ன சொல்லணும்?"

பியூலா கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க எங்க ஆளுன்னு," என்றார்.

விருத்தகிரி எழுந்து சன்னலருகே போய் நின்றுகொண்டார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, தண்டவாளம்தான். நீண்ட நேரம் அதைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் ஒரு சந்தர்ப்பத்தில் உரை நிகழ்த்தாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

"அப்புறம் ஏம்மா வேணாம்னு சொன்னீங்க?" என்றார், திரும்பாமலே.

"வெக்கமா இருந்துச்சு சார்."

"வெக்கப்பட என்ன இருக்கு?"

"இருக்கு சார்," என்றார் பியூலா உறுதியாக.

காபி போட அடுக்களைக்குப் போனவரின் பின்னாலேயே நிலோபர் போனாள். பியூலா பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"பாப்பா, நாங்க மாட்டேன்னது அவருக்குக் குடுக்கக் கூடாதுன்னு இல்ல. இது வெளிய வந்தா பேட்டி எடுக்க வருவானுங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சு, ஏன் அப்படித் தோணுச்சுன்னு கேப்பானுங்க. இவ்வளவு பேர்ல ஒருத்தர் வாய் தவறினாப் போச்சு. பலாப்பழத்துக்கு ஊரே சிரிச்சப்ப இந்த மனுசன் பட்டதைப் பாத்திருக்கோம். மறுபடியும் பாக்கத் தெம்பு இல்ல."

"அப்படி என்னதான் மேடம் நடந்துச்சு?"

"அவரு இருக்கும்போது சொன்னா நான் சிரிச்சிடுவேன். பால் பொங்கிடும். நான் எல்லார்ட்டயும் பேசி சம்மதம் வாங்கித் தரேன், அவரு இவ்வளவு தூரம் வந்துட்டாரே. நீங்க ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. அட்டையில பழைய படமே இருக்கட்டும். முழுப் படம் போடறேன்னு யாராச்சும் சொன்னா, செத்தாலும் விடாதீங்க."

"சார் ஆசைப்படறாரே."

"அதான் சொல்றேன்."

சம்மதங்கள் இரண்டே நாளில் வந்து சேர்ந்தன. ஒருவர்கூட மறுக்கவில்லை.

ககன வேதம் அகத்தடப் பதிப்பு வெளியானது. எந்தப் பலாப்பழமும் இல்லாமல் இசை மட்டும் தனியாக வந்ததில் ஊர் சிரிக்கவில்லை. ஆறாவது டிராக் அது பாட்டுக்குப் போகத் தொடங்கியது. ஆஸ்பத்திரிகளில், ஆபரேஷனுக்கு முன்னால் காத்திருப்பவர்களுக்குப் போட்டார்கள். தேர்வில் தோற்ற பிள்ளைகள் உள்ள வீடுகளில் போட்டார்கள். தீனதயாளன் வசூல் வேலையை விடவில்லை. ஆனால் வீட்டு வாசலில் நின்று கத்துவதை விட்டுவிட்டதாக எழுதியிருந்தார். விமர்சகர் ஒருவர், நம்மைவிட மேம்பட்ட ஒரு நாகரிகம் நம் அறியாமையைக் கண்டு நம்மீது கொள்ளும் பேரன்பை மனித இசை எட்டிப் பிடித்த ஒரே தருணம் இது என்று மூன்று பக்கத்துக்கு எழுதினார். அந்த அடக்கிய ஆனந்தத்துக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம்.

பாராட்டு விழா நடந்தது. வாசித்தவர்களை முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று விருத்தகிரியே சொல்லியிருந்தார். நாற்காலிகளையும் அவரே வந்து சரிபார்த்தார். பன்னிரண்டு பக்க உரை தயாராக இருந்தது. ஒலிவாங்கியின் முன் நின்று முதல் பக்கத்தைப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அந்த இசையை எல்லாரும் என்னுதுன்னு சொல்றாங்க," என்றார். "அன்னிக்கு இவங்க அத்தனை பேரும் என்னையே பாத்தாங்க. நான் கண்ணை மூடிட்டிருந்தேன். அதனால எனக்குத் தெரியல. அவ்வளவுதான். வேற ஒண்ணும் நான் செய்யல."

முதல் வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்தது. தோள்கள் குலுங்கின. ஹென்றி கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். சிலருக்கு நிஜமாகவே கண்ணீர் வந்தது; எது எதுவென்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

விருந்தில் பியூலா போனோடு நிலோபரிடம் வந்தார்.

"பாப்பா, எங்க வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு இருக்கு. ககன வேதம் ஃபேமிலி. சாரை இத்தனை வருஷமா அதுல சேக்கல. இன்னிக்குச் சேத்துடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. புதுசா வர்றவங்களுக்குப் பழைய மெசேஜ் தெரியாதுல்ல?"

"தெரியாது மேடம்."

"நல்லது. இந்த டி.பி.யை மட்டும் முதல்ல மாத்தணும். இதை எப்படி மாத்தறதுன்னு எங்க யாருக்கும் தெரியல. ஆரம்பத்துலேர்ந்து இதேதான் கெடக்கு. நீங்க மாத்திக் குடுங்களேன். ஏதாச்சும் பூ படம் வெச்சாப் போதும்."

எதிர்ப்புறம் விருத்தகிரி தட்டில் பிரியாணியோடு டபுள் பாஸ்காரரிடம் நேராகப் பேசிக்கொண்டிருந்தார். நிலோபர் போனை வாங்கி, அந்தச் சின்ன வட்டத்தைத் தொட்டுப் பெரிதாக்கினாள்.

வெள்ளத்தில் போய்விட்டதாகப் போட்டோகிராபர் சொல்லியனுப்பிய முழு உருவப் படம் அது. உயரமான மேடையில் விருத்தகிரி, கறுப்பு சூட், விரித்த கைகள், மூடிய கண்கள், வானை நோக்கிய முகம். கீழே மொத்த ஆர்கெஸ்ட்ராவும் வில்லை ஓட்டிக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவருடைய பேன்ட் ஜிப் திறந்திருந்தது.